போயிட்டான் என்றால் என்ன அர்த்தம்

எங்கள் பங்குக் கோவிலில் எதையும் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்ததாகச் சரித்திரம் கிடையாது. கிறிஸ்துமஸ் மரத் திருவிழா மட்டும் விதிவிலக்கா என்ன? ஆறு மணி என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். ஆறு மணிக்கு மைக்செட்காரர் 'ஹலோ ஹலோ' சொல்லிக்கொண்டிருந்தார், பாடகர் குழுப் பெண்கள் ஒருத்தி தலையில் ஒருத்தி பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஃபாதர் வருவதற்குள் என் நட்சத்திரத்தை நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிவிட வேண்டும்.

நட்சத்திரம் என் கைப்பையில் இருந்தது. மஞ்சள் சார்ட் அட்டையில் நானே வெட்டியது. நடுவில் 'பிரவீன்ராஜ்', அதன் கீழே 'நலமாக வீடு திரும்ப' என்று எழுதியிருந்தேன். பிரவீன்ராஜ் என் மகன். ஒரே மகன். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தவனுக்குத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு ஏஜெண்ட் ஆசை காட்டினான். போன பிறகுதான் தெரிந்தது, அந்த வேலையும் இல்லை, அது தாய்லாந்தும் இல்லை. ஆற்றைத் தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் ஒரு கட்டடத்தில் அடைத்து, முன்பின் தெரியாதவர்களை எல்லாம் போனில் ஏமாற்றிப் பணம் பறிக்கச் சொல்லி அடித்திருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முன்னால் ஒருநாள் யாருடைய போனிலிருந்தோ பேசினான். "அம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டான். அதற்கு மேல் பேச விடவில்லை. அதோடு சரி.

கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஆபீஸ், சென்னைக்கு மனு, டெல்லிக்கு மனு, தூதரகத்துக்கு போன். நான் ஏறாத படி இல்லை. ஏறி இறங்கி என்ன, எல்லா இடத்திலும் "பாக்குறோம்மா" என்ற ஒரே பதில்தான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் "ரொம்ப நல்ல பையனா இருந்தான்" என்று சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தான் என்ன இருந்தான்? இருக்கிறான் என்று சொல்ல இவர்களுக்கு வாய் வராதா?

'இருக்கான்' என்று சொல்லும் ஒரே ஆள் கமலவல்லிதான். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருப்பவள். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு, அவள் தமிழ். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பிள்ளைகள் 'பிரசன்ட் மிஸ்' என்று சொன்னால் அவளுக்கு ஆகாது. 'உள்ளேன் அம்மா' என்றுதான் சொல்ல வேண்டும் என்று எல்லா வகுப்பிலும் சண்டை போட்டு வழக்கமாக்கியவள். பிரவீன் எட்டாம் வகுப்பில் என்னிடமே கணக்குப் படித்தான். வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் எழுந்து 'உள்ளேன் அம்மா' என்றால் மொத்த வகுப்பும் சிரிக்கும். எல்லோருக்கும் நான் சும்மா அம்மா, அவனுக்கு நிஜமாகவே அம்மா. நானும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சிரிப்பேன்.

இந்த வருஷம் நான்தான் அவளை வற்புறுத்தி வரச் சொன்னேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கி, புடவைக் கொசுவம் கலைந்து வந்து சேர்ந்தாள். "பெருமாள்கிட்ட தெனமும் சொல்லிண்டிருக்கேன் லூர்து. இன்னிக்கி உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். ரெண்டு பேரும் சேந்து தேடட்டும்" என்றாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு அவளைக் கூட்டிப் போய் மரங்களைக் காட்டினேன்.

கோவில் முழுக்க மரங்கள். எல்லாம் சவுக்குக் கிளைகள்தான், வாளியில் மண் போட்டு நட்டவை. எங்கள் பங்கில் தெருத்தெருவாகக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று வைத்திருக்கிறோம். அன்பியத்துக்கு ஒரு மரம். ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்கள் நட்டும் வாஷரும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள், கிளை பாரம் தாங்காமல் தரையைத் தொட்டது. மார்க்கெட் தெருக்காரர்கள் பிஸ்கட்டால் அலங்காரம் செய்திருந்தார்கள், பாதியை எறும்பு தின்றுவிட்டது. கமலவல்லி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று "பேஷா இருக்கே" என்றாள். எறும்பு மரத்தைக்கூட விடவில்லை.

எல்லா மரத்துக்கும் பல்பு போட்டது என் வீட்டுக்காரர் பாக்கியநாதன். பொன்மலை ரயில்வே பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதோ, ஜெனரேட்டர் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயரை முறுக்கிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்ததிலிருந்து இந்த மனிதர் தூதரகத்துக்கு போன் செய்வதையே விட்டுவிட்டார். கேட்டால் "பண்ணலாம்" என்பார். திட்டினால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். பெற்ற பிள்ளைக்காக ஒரு போன் போட முடியாது, சவுக்குக் கிளைக்கு சீரியல் பல்பு போட மட்டும் நேரம் இருக்கிறது. இவருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தேன். சமயத்தில் வாய்விட்டே கேட்டும் இருக்கிறேன்.

பீடத்துக்கு வலப்பக்கம் வேண்டுதல் மரம். நோய் தீர, வேலை கிடைக்க, கல்யாணம் அமைய என்று அவரவர் மஞ்சள் நட்சத்திரத்தில் எழுதிக் கட்டுவார்கள். இடப்பக்கம் நினைவு மரம். அது அந்த வருஷம் இறந்துபோனவர்களுக்கு. அதில் வெள்ளை நட்சத்திரம், பெயர் மட்டும் இருக்கும். திருவிழா தொடங்கியதும் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஃபாதர் அந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பறித்துப் பெயரைப் படிப்பார். பெயர் படித்ததும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் மெழுகுவர்த்தியோடு போய் ஏற்றி மரத்தடியில் வைக்க வேண்டும். சபை இறந்தவர்களுக்கான 'நித்திய இளைப்பாற்றி' ஜெபம் சொல்லும். இதைக் கமலவல்லிக்கு வேண்டுதல் மரத்தடியில் நின்றபடியே சொன்னேன். இடப்பக்கம் திரும்பிப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் சும்மா இருப்பாளா, தமிழ் டீச்சர். எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டால் எழுத்துப்பிழை தேடியாக வேண்டும். நான் உயரமான கிளை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் நினைவு மரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பெயராக முணுமுணுவென்று படித்துக்கொண்டிருந்தாள். "அமலராணி... சரி. சூசைமாணிக்கம்... சரி. இங்க பாரேன், அந்தோணிக்கு மூணு சுழி ண போடாம..." சுவர்ப் பக்கம் போனவள் குரல் நின்றது. எட்டிப் பார்த்தேன். சட்டென்று மரத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வா லூர்து, அந்தண்டை போலாம்."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. வாயேன்."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவளைத் தள்ளிவிட்டுப் பின்னால் போனேன். சுவரைப் பார்த்த கிளையில், நாலு பேர் கண்ணில் படாத இடத்தில், ஒரு வெள்ளை நட்சத்திரம். பா.பிரவீன்ராஜ்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் வந்தது பாருங்கள் ஆத்திரம், கோவில் என்றும் பார்க்கவில்லை, கத்திவிட்டேன். "பிராங்க்ளின்! டேய் பிராங்க்ளின்!"

பிராங்க்ளின் எங்கள் அன்பியத் தலைவன். தெருவில் என் கண்முன் வளர்ந்தவன். நினைவு மரம் அவன் பொறுப்பு. ஓடி வந்தான்.

"இத யாருடா கட்டுனது?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "நான்தான்க்கா."

"எம்புள்ளைய சாகடிக்க நீ யாருடா?"

"அக்கா... பாக்கியநாதன் அண்ணன்தான்..." என்று இழுத்தான். "முந்தாநாள் பல்பு கட்றப்ப, பிரவீன் பேர எந்த மரத்துலண்ணே போடறதுன்னு கேட்டேன். 'அதான் பையன் போயிட்டானே பிராங்க்ளின்'னாரு. வேற ஒண்ணும் சொல்லல. நானும் மேக்கொண்டு கேக்கல. கிறிஸ்துமஸ் முடியட்டும், எல்லாருமா வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன். "போயிட்டான்னா? தாய்லாந்துக்குப் போயிட்டான்னு அர்த்தம்டா! வீட்ட விட்டுப் போயிட்டான்னு அர்த்தம்! தமிழ்தானடா பேசுறோம்?"

"இது நம்ம பாஷையில இருக்கற வில்லங்கம்" என்று கமலவல்லி அவசரமாகச் சொன்னாள். அவள் கை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. "செத்தான்னு சொல்லப்படாது, போயிட்டான்னு சொல்லணும். மங்கலம்னு இலக்கணத்துல அதுக்குப் பேரே உண்டு. வெளியூர் போனாலும் அதே போயிட்டான். இந்தப் பிள்ளை ஒண்ணக் கேட்டு ஒண்ண எடுத்துண்டுட்டான்."

"அதனாலதான் நாம போறேன்னே சொல்றதில்ல" என்றேன். "போயிட்டு வரேன்னுதான் சொல்லுவோம். எம்புள்ள ஏர்போர்ட்ல அப்படித்தான் சொல்லிட்டுப் போனான். போயிட்டு வரேம்மான்னு. நான் வேளாங்கண்ணியில வாங்குன ஜெபமாலைய அவன் கழுத்துல போட்டு அனுப்புனேன். வருவான்."

பிராங்க்ளின் தலையைச் சொறிந்தான். "சொல்றப்ப அண்ணன் குரல் ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. அதான்..."

"அவருக்குக் குரல் எப்பவுமே ஒரு மாதிரிதான். அவங்கப்பா செத்தப்பவே அழாத ஆளு."

"மன்னிச்சுக்குங்கக்கா. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன் போல. நீங்களே எடுத்துருங்க."

நூலோடு அறுத்தேன். கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஆனால் அதில் அவன் பெயர் இருந்தது. கசக்கிக் கைப்பையில் போட்டேன். அப்படியே நேராக வேண்டுதல் மரத்துக்குப் போய், பிராங்க்ளினையே நாற்காலி மேல் ஏறச் சொல்லி, இருப்பதிலேயே உயரமான கிளையில் என் மஞ்சள் நட்சத்திரத்தைக் கட்ட வைத்தேன். பெயர் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை திருப்பச் சொன்னேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கட்டும். என் பிள்ளை இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளட்டும்.

அதன் பிறகு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கிணற்றில் விழப்போன குழந்தையைக் காலைப் பிடித்து இழுத்துவிட்டது போல இருந்தது. ஃபாதர் அந்தப் பெயரைப் படித்திருந்தால்? இத்தனை பேர் நித்திய இளைப்பாற்றி சொல்லியிருந்தால்? நல்லவேளை, முந்திக்கொண்டேன். கேக் ஸ்டாலில் கமலவல்லிக்கு முட்டை போடாத கேக்காகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். நானும் ஒரு துண்டு தின்றேன். பல நாளைக்கப்புறம் வாய்க்கு ருசி தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் இந்த மனிதரை வைத்துக்கொள்கிறேன், ஒழுங்காக ஒரு வாக்கியம் பேசத் தெரியாதா என்று நாலு கேள்வி கேட்கிறேன் என்று சொல்லிக்கூடச் சிரித்தேன். கமலவல்லி சிரிக்கவில்லை. கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஜெனரேட்டர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபாதர் வந்தார். விளக்குகளை அணைத்தார்கள். நினைவு மரத்தின் பல்புகள் மட்டும் எரிந்தன. இந்த வருஷம் துக்கம் கண்ட வீட்டுக்காரர்கள் ஏற்றாத மெழுகுவர்த்தியோடு நடுப்பாதையில் வரிசையாக நின்றார்கள். ஃபாதர் முதல் நட்சத்திரத்தைப் பறித்துப் படித்தார். ஒரு பெண் போய் ஏற்றி வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. பெயர் படிக்கப் படிக்க வரிசை கரைந்துகொண்டே வந்தது. எனக்கு அந்தப் பெயர்கள் எதுவும் காதில் ஏறவில்லை. வேண்டுதல் மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லூர்து" என்று கமலவல்லி என் கையைப் பிடித்தாள். கண்ணால் நடுப்பாதையைக் காட்டினாள்.

மரத்தில் நட்சத்திரம் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஃபாதர் ஜெபம் சொல்லப் புத்தகத்தைத் திறந்தார். நடுப்பாதையில் ஒரே ஒரு ஆள் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வலது கையில் ஏற்றாத மெழுகுவர்த்தி. ஃபாதரையும் வெறும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெயர் கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றது என் வீட்டுக்காரர்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. இந்த மனிதர் இங்கே எதற்கு வந்து நிற்கிறார், பல்பு எதுவும் எரியவில்லையா என்றுதான் நினைத்தேன். எழுந்து போனேன். கிட்டே போன பிறகுதான் மெழுகுவர்த்தி பிடித்த கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் ஒரு ஜெபமாலை சுற்றியிருந்தது. வெள்ளை மணிகளுக்கு நடுவில் ஒரு நீல மணி. பிரவீன் கழுத்தில் போடுமுன், உதிர்ந்துபோன மணிக்குப் பதிலாக நான் கோத்த நீல மணி.

"இது எப்படிங்க உங்க கையில?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவன் பேரக் கூப்புடலயே லூர்து" என்றார்.

"இது எப்படி உங்க கையில வந்துச்சு? சொல்லுங்க!"

"முசிறிப் பையன் ஒருத்தன். நவநீதன். கூட அடைச்சு வச்சிருந்தாங்களாம். தப்பிச்சு வந்துட்டான். கல்லறைத் திருநாள் முடிஞ்சு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு என்னைய வரச் சொல்லி இதக் குடுத்தான்." ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துச் சொன்னார். "நம்ம புள்ளைக்குக் காய்ச்சலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சியிருக்கானுங்க. காவலுக்கு இருந்தவனுங்க கதவே தொறக்கலையாம். ஆடி மாசம். இந்தப் பையன் மடியிலதான்..."

"அவன் எங்க?"

"அங்கயே, லூர்து. எங்கன்னு அந்தப் பையனுக்கும் தெரியல."

அடித்தேன். நெஞ்சிலும் தோளிலும் மாறி மாறி அடித்தேன். அவர் நகரவில்லை. "ஏன் சொல்லல? பாவி மனுஷா, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"காலையில எந்திரிச்சதும் போன்ல சார்ஜ் இருக்கான்னுதான மொதல்ல பாக்குற" என்றார். "அதப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது? வீட்ல அழவும் முடியல. அவனுக்கு ஒரு மெழுகுவர்த்தியாவது ஏத்தணும்னு இருந்துச்சு. நீ இந்தப் பக்கமே வரமாட்டன்னு நெனச்சேன். வந்தாலும் கண்ணுல பட வேணாம்னு, பிராங்க்ளின் கட்டுனத நானே செவுத்துப் பக்கம் மாத்திக் கட்டுனேன்."

போயிட்டான் என்றால் போயிட்டான் என்றே அர்த்தம். பிராங்க்ளினுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அவன் இல்லாத ஐந்து மாசமும் நான் அவனுக்காகப் போனுக்கு சார்ஜ் போட்டிருக்கிறேன். சற்று முன்னால்தான் கேக் தின்றேன். சிரித்தேன். இவர் அங்கே வயரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஃபாதர் இறங்கி வந்தார். "பெயர் ஏதாவது விட்டுப்போச்சாம்மா?" என்று மெதுவாகக் கேட்டுக் கையை நீட்டினார். கைப்பையைத் திறந்து கசங்கிய நட்சத்திரத்தை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்து நீவினேன். கொடுக்க மனம் வரவில்லை. அவன் பெயரை நான்தான் கூப்பிடுவேன். சாப்பிடக் கூப்பிட்டது நான், எழுப்பியது நான், வகுப்பில் கூப்பிட்டதும் நான்.

"பிரவீன்ராஜ்" என்றேன். வகுப்பில் கூப்பிடுகிற குரலே வந்தது.

"நித்திய இளைப்பாற்றியை..." என்று சபை ஆரம்பித்தது.

"இருங்க" என்றேன். "யாரும் பேசாதீங்க. அவன் சொல்லட்டும்."

வாசலில் கேக் ஸ்டால்காரர்கள்கூட வாய்மூடி நின்றார்கள். கமலவல்லி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். நான் இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"பா.பிரவீன்ராஜ்."

வகுப்பில் இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். எனக்கு அடுத்த பெயர் இல்லை. கையில் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் அவர் தீக்குச்சியை உரசினார், அது அணைந்தது. மறுபடி உரசினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.